கடையில் இல்லாத எஞ்சினைக் கட்டத் துணிந்தவருக்கு

இழுப்பறைக்குள் மடித்து வைத்த அந்த வரைபடத்தை எடுங்கள். மேசைமேல் விரியுங்கள். ஒய்.பி. வகை நீராவி எஞ்சின். முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஆறு இயக்குசக்கரங்கள், பின்னால் இரண்டு. எழும்பூருக்குத் தெற்கே தூத்துக்குடி, செங்கோட்டை, ராமேஸ்வரம் என்று விரிந்து கிடந்த மீட்டர் கேஜ் உலகத்தின் எக்ஸ்பிரஸ் எஞ்சின். 1949-இல் தொடங்கி 1970 வரை இந்த வகையில் 871 எஞ்சின்கள் கட்டப்பட்டன. பாதிக்கு மேல் நம் நாட்டிலேயே, ஜாம்ஷெட்பூரில். அதன் கரித்தூள் கண்ணில் விழாமல் ஊர் போய்ச் சேர்ந்த தாத்தாக்கள் இங்கே குறைவு. அதை விரலகலத் தண்டவாளத்தில், உங்கள் வீட்டு மேசைமேல் ஓடவிட வேண்டும் என்று எத்தனை காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

ஏன் இன்னும் தொடங்கவில்லை?

மாதிரி ரயில் கட்டுகிறவர்களிடம் இதைக் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சரியான சேசிஸ் கிடைக்கலீங்க." பாயிலரைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. பித்தளைக் குழாயோ முப்பரிமாண அச்சோ போதும் என்று தெரியும். கேபின், புகைபோக்கி, டெண்டர், கறுப்பு வண்ணம், எண் எழுத்து எல்லாவற்றுக்கும் வழி தெரியும். ஆனால் மோட்டாரும் கியரும் சக்கரமும் கொண்டு தன் காலால் ஓட வேண்டிய அந்த அடிப்பாகத்தில் வந்து எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். சிலர் ஒரு வருடம் நிற்கிறார்கள். சிலர் ஓய்வு பெறும்வரை நிற்கிறார்கள்.

நான் உரக்கச் சொல்கிறேன்: நீங்கள் தேடும் சரியான சேசிஸ் உலகத்தில் இல்லை. ஒய்.பி.க்கென்று அளவெடுத்து ஒரு வெளிநாட்டு நிறுவனம் சேசிஸ் செய்து உங்கள் வாசலில் கொண்டுவந்து வைக்கும் என்று காத்திருக்காதீர்கள். அப்படி வந்தால்தான் தொடங்குவேன் என்பது பொறுமை ஆகாது. அது பயம். பொறுமையின் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பயம். அதை அடையாளம் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி பத்தாம் வகுப்புக் கணக்கு.

பயத்தை விரட்ட முதலில் சரித்திரத்தைப் பாருங்கள். 1895-இல் அஜ்மீர் பணிமனையில் எஃப் வகை 734 என்ற மீட்டர் கேஜ் எஞ்சின் உருவானது. முழுக்க இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் எஞ்சின் அது. இன்றும் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எஞ்சின் என்றால் கப்பலில்தான் வரும் என்று ஊரே நம்பியிருந்த காலத்தில், இங்கேயே கட்டலாம் என்று சில கைகள் துணிந்தன. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைப் பணிமனை இருக்கிறது. நீராவிக் காலம் முடிந்துவிட்டது என்று உலகம் சொல்லி முடித்த பிறகு, இந்த நூற்றாண்டில், நீலகிரி மலைப்பாதைக்குப் புத்தம் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டிக் கொடுத்த பணிமனை அது. பல்தண்டவாளத்தில் ஏறும் எஞ்சின். மேலும் கீழுமாக நான்கு சிலிண்டர்கள். உதிரிபாகம் விற்கும் கடை எங்கும் கிடையாது. தேவையானதைத் தாங்களே செய்துகொண்டார்கள். நிஜ எஞ்சினை, மனிதர்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் எஞ்சினைச் செய்தார்கள்! நீங்கள் செய்யப்போவதோ ஒரு முழம்கூட இல்லாத மாதிரி. தயங்க என்ன இருக்கிறது?

"அவங்க பணிமனை வேற, நம்ம மேசை வேற" என்று சொல்லாதீர்கள். சரி, மேசையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 1960-களில் ஐரோப்பாவில் 9 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும் மிகச் சிறிய ரயில்கள் கடைகளுக்கு வரத் தொடங்கின. பெரிய பாதை ரயில்களின் மிகச் சிறிய மாதிரிகள் அவை. பிரிட்டனில் சிலர் அவற்றை வாங்கி, மேல்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதே சேசிஸின்மேல் இரண்டு மடங்கு பெரிய அளவில் ஒரு குறுகிய பாதை எஞ்சினின் உடலைக் கட்டினார்கள். பெரிய பாதைக்காகச் செய்த சேசிஸ், குறுகிய பாதை எஞ்சினின் கால்களாயிற்று. இன்று ஓ.ஓ.9 என்ற பெயரில் அது தனி உலகம். அமெரிக்காவில் 1:48 அளவு உடல்களை 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடவிட்டதும் இதே துணிச்சல்தான். ஒருவருக்கும் சரியான சேசிஸ் கிடைக்கவில்லை. கிடைத்ததைச் சரியாக்கினார்கள்.

இந்தத் தந்திரம்தான் உங்கள் ஒய்.பி.யையும் ஓடவைக்கப் போகிறது. கணக்கைப் பாருங்கள்.

மீட்டர் கேஜ் என்றால் 1000 மி.மீ. ஹெச்.ஓ. அளவு என்பது 1:87. வகுத்தால் 11.5 மி.மீ. வருகிறது. இதற்கு மிக அருகில் இருக்கும் தண்டவாளம் 12 மி.மீ. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. அந்த 12 மி.மீ. அகலத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை டி.டி. என்ற 1:120 அளவு ரயில்கள். ஜெர்மனியில் அவை பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. பிரிட்டனில் ஹார்ன்பி நிறுவனம் 2022-இல் டி.டி.:120 என்று தொடங்கியது. அதன் முதல் எஞ்சின்களிலேயே 4-6-2 வகை உண்டு. ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற எஞ்சின் சேர்ந்த ஏ3 வகையும் அதில் அடக்கம்.

ஒய்.பி.யும் 4-6-2. ஆக சக்கர அமைப்பு பொருந்திவிட்டது, தண்டவாள அகலம் பொருந்திவிட்டது. இனி சக்கர விட்டம். ஒய்.பி.யின் இயக்குசக்கரம் 1372 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 15.8. ஏ3 எஞ்சினின் சக்கரம் 2032 மி.மீ.; 120-ஆல் வகுத்தால் 16.9. ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும் கூடுதல். ஏ3-இன் இயக்கு அச்சுகளுக்கு இடையே 2210 மி.மீ.; மாதிரியில் 18.4 வர வேண்டும். அதை 87-ஆல் பெருக்கினால், ஒய்.பி. உலகத்தில் அது 1600 மி.மீ. இடைவெளி. உங்கள் வரைபடத்தில் என்ன இருக்கிறது? அளந்து பாருங்கள். நான் சொல்ல மாட்டேன். நீங்களே அளக்க வேண்டும் என்பதற்காகவே சொல்லாமல் விடுகிறேன்.

நீங்களே அளந்த எண்ணுக்கு ஒரு சக்தி உண்டு. அடுத்தவர் "அது பொருந்தாதுப்பா" என்று சொன்னால், "எத்தனை மில்லிமீட்டர் பொருந்தாது?" என்று நிமிர்ந்து கேட்கும் தைரியம் அந்த எண்ணிலிருந்துதான் வரும். பொருந்தாது என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் வெர்னியரைக் கையில் எடுத்ததே இல்லை. அவர்கள் அபிப்பிராயத்துக்கு உங்கள் கனவை அடகு வைக்காதீர்கள்.

சரி, பிராட் கேஜ் பிரியரா நீங்கள்? உங்களுக்கும் வழி இருக்கிறது. டபிள்யூ.ஜி. என்ற 2-8-2 சரக்கு எஞ்சின், 2450 எஞ்சின்கள் ஓடிய மாபெரும் வகை, அதன் சக்கரம் 1562 மி.மீ. ஹெச்.ஓ.வில் 18 மி.மீ. முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு ரயில் நிர்வாகம் வகுத்த இலகு மிக்காடோ என்ற எஞ்சினும் 2-8-2. அதன் சக்கரம் 63 அங்குலம், அதாவது 1600 மி.மீ.; ஹெச்.ஓ.வில் 18.4. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை! அமெரிக்க மாதிரி ரயில் உலகில் அந்த மிக்காடோ நன்கு அறிமுகமான எஞ்சின், பழைய பொருள் சந்தையிலும் கண்ணில் படும். ஆனால் இங்கே வேறொரு சங்கடம். பிராட் கேஜ் 1676 மி.மீ.; ஹெச்.ஓ.வில் 19.3 வர வேண்டும். கடைத் தண்டவாளமோ 16.5. கிட்டத்தட்ட 3 மி.மீ. குறைவு. எஞ்சினை நேர் எதிரே நின்று பார்த்தால் கால்கள் ஒடுங்கித் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

ஒய்.பி.யில் தண்டவாளம் சரி, சக்கரம் கொஞ்சம் பெரிது. டபிள்யூ.ஜி.யில் சக்கரம் சரி, தண்டவாளம் குறுகல். எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்று இடிக்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் வரைபடத்தை மறுபடி மடித்து வைக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தமும் பார்க்கிற நம் வீடுகளிலேகூட, "ரஜ்ஜு தட்டாம இருந்தாப் போதும், மத்தது முன்னப் பின்ன இருக்கட்டும்" என்று பெரியவர்கள் சொல்லி முகூர்த்தம் குறிப்பதில்லையா? சேசிஸுக்கும் ரஜ்ஜு உண்டு. எது தட்டக் கூடாது, எது முன்னப் பின்ன இருக்கலாம் என்று பிரிக்கத் தெரிந்தவரே எஞ்சின் கட்டுவார்.

என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். இயக்குசக்கரங்களின் எண்ணிக்கை தட்டக் கூடாது. ஆறு சக்கர எஞ்சினுக்கு எட்டு சக்கர சேசிஸ் வைத்தால் எந்த வண்ணமும் அதை மறைக்காது. அச்சுகளின் இடைவெளி தட்டக் கூடாது, ஏனென்றால் சிலிண்டர், நெருப்புப் பெட்டி, கேபின் எல்லாம் அந்த அச்சுகளை ஒட்டித்தான் உட்காருகின்றன. அச்சு 3 மி.மீ. தள்ளிப் போனால் எஞ்சினின் முகமே மாறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டம் தட்டக் கூடாது. திக்கித் திணறி ஓடும் சேசிஸின்மேல் எவ்வளவு அழகான உடலை வைத்தாலும், அது அலமாரியில் நிற்கும் பொம்மையாகத்தான் முடியும்.

சக்கர விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் முன்னப் பின்ன இருக்கலாம். சிறிதாக இருந்தால் இன்னும் நல்லது. நிஜ எஞ்சினிலும் சக்கரத்தின் இரும்பு டயர் தேயும், மறுபடி கடைவார்கள், விட்டம் குறைந்துகொண்டே வரும். ஆக, சற்றே சிறிய சக்கரம் என்பது பல வருடம் உழைத்த எஞ்சினின் உண்மை. பெரிதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சக்கரத்தின் உச்சி மேலே எதிலாவது இடிக்கிறதா? ஒய்.பி.யின் நடைபலகை சக்கரங்களுக்கு மேலே உயரமாகப் போகிறது, அதனால் ஒரு மில்லிமீட்டர் கூடுதலை அது தாங்கிக்கொள்ளும். சக்கரத்தை மூடிய பழைய பிரிட்டிஷ் பாணி எஞ்சினாக இருந்தால் தாங்காது. முன் பின் சிறு சக்கரங்களைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம், அவை எஞ்சினோடு சும்மா உருண்டு வருபவை. வாங்கிய சேசிஸில் இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு உங்கள் அளவுக்குச் செய்துகொள்ளலாம். சிலிண்டரும் அப்படியே.

மோட்டார் எங்கே உட்காருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒய்.பி. மாதிரியான எஞ்சினில் பாயிலருக்கும் சட்டத்துக்கும் இடையே வெளிச்சம் தெரியும், அந்த வெளிச்சம்தான் அதன் அழகு. மோட்டார் நடுவில் பருத்து நின்றால் அந்த அழகு போயிற்று. மோட்டார் பின்பக்கம், நெருப்புப் பெட்டிக்குள் மறையும்படி இருக்கிற சேசிஸைத் தேடுங்கள். வரைபடத்தில் நெருப்புப் பெட்டியின் உள் அகலத்தைக் குறியுங்கள். தகட்டின் கனத்தை இரண்டு பக்கமும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் மோட்டாருக்கு இடம். மோட்டாரை டெண்டரில் வைக்கிற முறையும் உண்டு. அது பாயிலரைக் காப்பாற்றும். ஆனால் எஞ்சின் தன் காலால் ஓடாமல் பின்னாலிருந்து தள்ளப்படுகிறது. இணைப்புத் தண்டுகள் கொஞ்சம் இறுகினாலும் சக்கரம் சுழலாமல் சறுக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. எஞ்சினே இழுக்க வேண்டும்.

வேகத்தையும் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள், யூகிக்காதீர்கள். நிஜ எஞ்சின் மணிக்கு 75 கி.மீ. ஓடினால் நொடிக்கு 20.8 மீட்டர். 87-ஆல் வகுத்தால் மாதிரி நொடிக்கு 239 மி.மீ. ஓட வேண்டும். 15.8 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 49.6 மி.மீ. ஆக நொடிக்கு 4.8 சுற்று, நிமிடத்துக்கு 290 சுற்று. வார்ம் கியர் 30-க்கு 1 என்றால் மோட்டார் நிமிடத்துக்கு 8,700 சுற்று சுற்ற வேண்டும். 40-க்கு 1 என்றால் 11,600. இப்போது மோட்டாரின் விவரத் தாளைப் பாருங்கள். 12 வோல்ட்டில் அது எத்தனை சுற்று சுற்றுகிறது? தேவையைவிட மிக அதிகம் என்றால் எஞ்சின் பந்தயம் ஓடும், ஸ்டேஷனில் மெல்லக் கிளம்பும் கம்பீரம் வராது. நீராவி எஞ்சினின் உயிர் அந்த மெல்லக் கிளம்புதலில்தான் இருக்கிறது. அதற்காகவே நான் எப்போதும் அதிகக் கியர் விகிதம் உள்ள சேசிஸின் பக்கம் நிற்பேன்.

இழுவையையும் விட்டுவிடாதீர்கள். இயக்குசக்கரங்களின்மேல் இருக்கும் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இழுவிசையாகக் கிடைக்கும். 200 கிராம் உட்கார்ந்தால் 40 கிராம் இழுவை. 80 கிராம் பெட்டிகள் ஆறு என்றால் 480 கிராம்; சக்கர உராய்வுக்கு 3 சதவீதம் வைத்தால் 14 கிராம். 50-க்கு 1 ஏற்றம் இருந்தால், எஞ்சினோடும் டெண்டரோடும் சேர்ந்து 730 கிராமைத் தூக்க இன்னொரு 15. மொத்தம் 29. உங்கள் கையில் 40 இருக்கிறது. ஆறு பெட்டி எக்ஸ்பிரஸ் ஏற்றத்தில் ஏறும்! எடை சரியான இடத்தில் இருந்தால் மட்டும். 4-6-2 எஞ்சினில் ஈயத்தை நடு இயக்கு அச்சைச் சுற்றி வையுங்கள். முன்பக்கம் அடைத்தால் முன் போகிதான் எடையைச் சுமக்கும், இயக்குசக்கரங்கள் வெறுமனே சுற்றும்.

பார்த்தீர்களா? இதுவரை சொன்னதில் மேதாவித்தனம் எங்காவது தேவைப்பட்டதா? வகுத்தல், பெருக்கல், ஒரு வெர்னியர், ஒரு நோட்டு. இவ்வளவுதான். இதைச் செய்ய முடியாத ஒருவர் இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் படித்திருக்கவே மாட்டார்.

இன்னொரு தயக்கம் இருக்கிறது, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. "இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எஞ்சினை அறுப்பதா?" பளபளக்கும் ஏ3 ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, மேல்கூட்டைக் கழற்றி, சட்டத்தின் முனையில் ரம்பத்தை வைக்கும்போது கை நடுங்கும். நடுங்கட்டும். நடுங்கும் கையோடு அறுங்கள். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. கழற்றிய மேல்கூட்டுக்கு வாங்குபவர் இருக்கிறார். விலை உறுத்தினால் உடல் உடைந்து சேசிஸ் நன்றாக இருக்கும் பழைய எஞ்சினைத் தேடுங்கள். அதை வேண்டாம் என்று மற்றவர்கள் ஒதுக்குவார்கள், உங்களுக்கோ வேண்டியது அடிப்பாகம் மட்டும். பழையதை வாங்கும்போது கண் கூர்மையாக இருக்கட்டும். வார்ப்பு உலோகச் சட்டம் உப்பியிருக்கிறதா, மயிரிழை வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கலப்படத் துத்தநாகம் உள்ளுக்குள்ளேயே நொறுங்கிக்கொண்டிருக்கும், எந்தப் பசையும் அதைக் காப்பாற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் "டக்" என்று தட்டினால் அச்சில் ஏறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் பிளந்திருக்கலாம். இது சரிசெய்யக்கூடிய குறை. அதற்கேற்ப விலையைப் பேசுங்கள்.

நிஜ எஞ்சினியர்களும் இதைத்தானே செய்தார்கள்? டபிள்யூ.பி. என்ற எக்ஸ்பிரஸ் எஞ்சினுக்காக வடிவமைத்த பாயிலரையே டபிள்யூ.ஜி. என்ற சரக்கு எஞ்சினுக்கும் வைத்தார்கள். ஒன்றுக்காகச் செய்ததை இன்னொன்றுக்குப் பொருத்துவது கைவேலையின் பழைய தர்மம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. "முழுக்க முழுக்கச் சொந்தமாகச் செய்தால்தான் மரியாதை" என்று சொல்லி உங்களை அச்சுறுத்துபவர்கள் இருப்பார்கள். லேத்தும் நேரமும் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். பித்தளைத் தகட்டில் சட்டம் அறுத்து, கியர்ப்பெட்டி வாங்கிப் பொருத்தி, சதுர முனை அச்சில் தானாகவே 90 பாகையில் அமரும் சக்கரங்களை மாட்டிச் செய்வது உன்னதமான வேலை. நான் அதை வணங்குகிறேன். ஆனால் அதை முதல் எஞ்சினுக்கான நிபந்தனையாக ஆக்காதீர்கள். முதல் எஞ்சின் ஓட வேண்டும். ஓடிய எஞ்சின் கொடுக்கும் தெம்பில் இரண்டாவது எஞ்சினுக்குச் சட்டத்தை நீங்களே அறுப்பீர்கள். மூன்றாவதாக, யார் கண்டது, பொன்மலை செய்ததுபோல் நீலகிரி எஞ்சினுக்கே கை வைப்பீர்கள்.

ஆகவே தேதி குறியுங்கள். இந்த வாரம் அளவெடுப்பு. தண்டவாள அகலம், இயக்குசக்கர எண்ணிக்கை, விட்டம், அச்சிடை தூரம், நெருப்புப் பெட்டியின் உள் அகலம், நடைபலகையின் உயரம். ஒரே தாளில், பெரிய எழுத்தில். அந்தத் தாளோடு கிடைக்கும் சேசிஸ்களை ஒப்பிடுங்கள். மூன்றுக்கு மேல் ஒப்பிட வேண்டாம். நான்காவதைத் தேடத் தொடங்கினால் பழைய பயம் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். மூன்றில் தட்டக் கூடாதவை தட்டாத ஒன்றுக்குப் பணத்தைக் கட்டிவிடுங்கள். கட்டிய பிறகு வேறு எதையும் பார்க்காதீர்கள்.

வந்து சேர்ந்ததும் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, வெறும் சேசிஸை முன்னோக்கி அரைமணி நேரம், பின்னோக்கி அரைமணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு வோல்ட்டேஜைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நின்றுவிடாமல் எவ்வளவு மெல்ல ஊர்கிறது என்று பாருங்கள். இணைப்புத் தண்டு ஒரு இடத்தில் இறுகினால் துளையை இழை இழையாக அகலப்படுத்துங்கள், அவசரப்பட்டால் ஓட்டையாகிவிடும். சக்கரத்தை நொடிப்பொழுது விரலால் நிறுத்தி, அப்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்; டிஜிட்டல் டீகோடர் வைப்பதாக இருந்தால் அதைத் தாங்குகிற டீகோடரையே வாங்க வேண்டும். கோர்லெஸ் மோட்டார் என்றால் பழைய துடிப்புமுறைக் கண்ட்ரோலரோடு சேர்க்காதீர்கள், சூடேறிக் கருகும்.

ஓட்டம் திருப்தியாக வந்ததும் நிறுத்தாதீர்கள். அன்றைக்கே அட்டையில் ஒரு பாயிலரும் கேபினும் வெட்டி அந்தச் சேசிஸின்மேல் நிறுத்துங்கள். நடு இயக்கு அச்சுக்கு நேர் மேலே முதல் கோட்டைப் போடுங்கள். புகைபோக்கி, நீராவிக் குவிமாடம், கேபின் சுவர் எல்லாவற்றையும் அந்தக் கோட்டிலிருந்து முன்னும் பின்னும் அளந்து குறியுங்கள். கண்ணுக்கு ஒய்.பி.யாகத் தெரிகிறதா? தெரிந்தால் பித்தளைத் தகட்டை எடுங்கள்.